தட்டட்டியின் வெயில்

சித்திரை மாதத்தில், லுஹர் தொழுகைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பி, பகல் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, சற்றே கண்ணயரலாம் என்று பாயை விரிக்கிற வேளையில், மேலப்பாளையத்துத் தெருக்களில் எந்தக் காங்கிரீட் வீட்டுக்குள் நுழைந்தாலும், மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, அதன் கீழே படுத்தவர் வியர்வையைத் துடைத்தபடி புரண்டு புரண்டு படுப்பதைக் காணலாம். விசிறியின் மேல் குற்றமில்லை. தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் இருக்கிற தளம் காலை முதல் வெயிலைக் குடித்துக் குடித்து, அடுப்பின் மேல் ஏற்றிய தோசைக்கல்லைப் போல் ஆகியிருக்கிறது. விசிறியோ அந்தக் கல்லுக்கு அடியில் தேங்கிய உஷ்ணத்தை அள்ளிப் படுத்திருப்பவர் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிக் கொட்டுவதற்கு நாம் மின்சாரக் கட்டணமும் செலுத்துகிறோம்.

நெல்லைச் சீமையில் மொட்டை மாடியைத் தட்டட்டி என்பார்கள். அந்தத் தட்டட்டியைப் பற்றித்தான் இங்கே எழுத எண்ணுகிறேன். மின்சார சிக்கனம், பசுமைக் கட்டடம் என்றெல்லாம் இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. கண்ணாடி மாளிகைகளுக்குத் தங்கச் சான்றிதழும் பிளாட்டினச் சான்றிதழும் வழங்கும் ஸ்தாபனங்களும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாதாரண ஜனங்கள் குடியிருக்கும் ஒரு தெருவைக் குளிரச் செய்வதற்கு வேண்டிய வித்தை நம்முடைய கொத்தனார்களின் கையிலேயே நெடுங்காலம் இருந்தது என்பதையும், அது தனி ஒருவர் செய்துகொள்ளும் காரியமாக இல்லாமல் பலர் சேர்ந்து செய்யும் காரியமாகவே இருந்தது என்பதையும், இனியும் அப்படிச் சேர்ந்து செய்தால்தான் கைகூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாளையங்கால்வாய்க்கு அருகில் எனக்குப் பழக்கமான ஒரு பழைய வீடு உண்டு. தாமிரபரணியிலிருந்து பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் அந்தக் கால்வாய் மேலப்பாளையத்தின் ஊடே செல்வது. ஒரு காலத்தில் ஊரின் வெப்பத்தைத் தணித்த காரணங்களில் அதுவும் ஒன்று. அந்த வீட்டுக்குள் போகிறவர் முதலில் தார்சாவில் செருப்பைக் கழற்றுவார். பிறகு பட்டாசாலை, அதற்கப்பால் வானம் தெரியும் சிறு முற்றம், அதற்கும் பின்னே அடுக்களை. வீட்டின் இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டுக்காரர்களோடு பொதுச் சுவர்கள்; ஆகையால் அவற்றின் மேல் ஒரு நாளும் வெயில் படுவதில்லை. தெரு குறுகியது, எதிர் வீட்டின் நிழல் இந்த வீட்டின் முகப்பில் விழும், இந்த வீட்டின் நிழல் எதிர் வீட்டின் மேல் விழும். வெயில் தாராளமாக விழக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அதுதான் தட்டட்டி. அதை எப்படிக் காப்பது என்பதில் பழைய கொத்தனார் தம்முடைய புத்தி முழுவதையும் செலவிட்டார்.

தேக்கு உத்தரங்களை அடுத்தடுத்து ஏற்றி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் கிடத்தாமல் நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கனமாகப் பரப்புவார்கள். அதன் பிறகு நடப்பதுதான் விசேஷம். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து, அந்தக் கலவை இறுகிக் கட்டை துள்ளும்வரை நாட்கணக்கில் அடிப்பார்கள். தாளம் தப்பாமல் அடிப்பதற்காகப் பாட்டும் உண்டு. ஒரு வீட்டுக்குத் தளம் அடித்தால் தெரு முழுவதற்கும் கேட்கும். இறுதியில் தட்டோடு பதித்து, சந்துகளில் காரை பூசி, வாட்டம் பார்த்து மழைநீர் வடிய விடுவார்கள். செங்கல் ஜல்லிக்குள் காற்று அடைபட்ட நுண்ணிய துவாரங்கள் எண்ணிறந்தவை. அவையே வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் கவசம். தளத்தில் விழும் வெப்பம் அறைக்குள் இறங்கப் பல மணி நேரம் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் இரவு வந்துவிடும்.

இந்த ஊருக்கு அதில் வேறொரு நன்மையும் இருந்தது. மேலப்பாளையம் நெசவுக்கும் பீடித் தொழிலுக்கும் பேர்போன ஊர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் குளிர்ச்சி உடம்புச் சுகத்துக்காக மட்டும் வேண்டியதன்று. காற்று வறண்டால் பாவு நூல் அறுந்துபோகும், ஈரப்பதம் இருந்தால்தான் நூல் இழுவைக்குத் தாங்கும். மண்தரையும் தடித்த சுவரும் கனத்த தளமும் அந்த ஈரத்தைக் காத்துக் கொடுத்தன.

பிறகு காலம் மாறியது. 1949-ஆம் ஆண்டில், திருநெல்வேலிக்கு அடுத்த தாழையூத்தில், இந்தியா சிமெண்ட்ஸ் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அபரிமிதமாகக் கிடைக்கும் பிரதேசமாகையால் தொழிற்சாலை அங்கே அமைந்தது. சிமெண்டை நிந்திக்கிறவர்களின் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. ஓலைக்கூரையில் ஆண்டுதோறும் தீக்கும் மழைக்கும் அஞ்சிக் கிடந்த ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நிலையான கூரையைத் தந்தது அதுதான். தேக்கு உத்தரம் வாங்க வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? எனினும் அதற்கொரு விலை உண்டு. சிமெண்டுச் சூளையில் வெப்பம் ஏறத்தாழ 1450 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏற வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். அதுவன்றி, சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது அதற்குள் கட்டுண்டிருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. உலகத்தில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டிலிருந்து வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நான் வருந்துவது சிமெண்டு வந்ததற்காக அன்று. காங்கிரீட் தளம் வந்தபோது அதற்கு மேல் போட வேண்டிய கவசத்தைக் கைவிட்டோமே, அதற்காக. நாலைந்து அங்குலக் கனமுள்ள வெறும் காங்கிரீட், பகலில் வாங்கிய உஷ்ணத்தை முன்னிரவு முழுவதும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். இதைப் பற்றி முதிய கொத்தனார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது என் மனத்தில் தைத்திருக்கிறது:

“சென்ட்ரிங்கப் பிரிச்சாச்சுன்னா வீடு முடிஞ்சுட்டுன்னு நெனைக்காங்க, அண்ணாச்சி. தளத்துக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு ஓடு பதிக்கணும்லா? ரூவா இல்ல, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ங்காங்க. அந்த அடுத்த வருசம் வாறதே இல்ல.”

அந்த அடுத்த வருஷத்துக்குப் பதிலாக வீட்டில் இன்னொரு மின்விசிறி வருகிறது. கை சற்று ஓடுகிற வீடானால் ஏ.சி. வருகிறது.

மின்சாரம் நமக்கு அந்நியமான பொருளன்று. பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் வேகத்தைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை 1880-களிலேயே இயந்திரம் ஓட்டியது. 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பாளையங்கால்வாயில் வரும் தண்ணீரும் அந்த மலையில் பிறந்த தண்ணீர்தான். 1986-இல் தூத்துக்குடியில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று நிறுவப்பட்டது. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ஆனி, ஆடிக் காற்றில் சுழலும் இறக்கைகளை எண்ணி முடிக்க இயலாது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. இத்தனை விதமான மின்சாரம் பிறக்கும் சீமையில் வாழ்கிறவர்கள், அதைக் கூரையின் உஷ்ணத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே கரைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

கணக்கைப் பார்ப்போம். பழைய மாதிரி மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று கடைகளில் விற்கும் புது மாதிரி விசிறி 28 முதல் 35 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் சுழன்றால், பழைய விசிறிக்கு 270 யூனிட். புதியதற்கு நூறுக்குச் சற்று மேல். வீட்டில் மூன்று விசிறிகள் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 450 யூனிட் மிச்சம். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஆகவே வரம்புக்கு அருகில் நிற்கும் குடும்பத்துக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் இரட்டிப்பு லாபம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் நாடெங்கும் விநியோகிக்கப்பட்டன. மொத்தமாகக் கொள்முதல் செய்ததனால் விளக்கின் விலை சில ஆண்டுகளுக்குள் மளமளவென்று சரிந்தது. தனி ஒருவர் கடைக்காரரிடம் எவ்வளவு பேரம் பேசினாலும் அந்த விலை கிடைத்திராது.

சேர்ந்து செய்வதன் வலிமையைச் சொல்ல வேண்டுமானால், கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1996-இல் ஆர். சண்முகம் அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்புசெட்டுகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் ஆகிற மின்கட்டணம், ஊராட்சியின் வருமானத்தை விழுங்கிக்கொண்டே போயிற்று. முதலில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவினால் பம்பை ஓட்டிப் பார்த்தார்கள். சில குடியிருப்புகளில் சூரிய விளக்குகளை நிறுத்தினார்கள். அதன் பின்னர் எழுந்த யோசனை அபூர்வமானது. காற்றாலை என்றால் பெரிய ஆலை முதலாளிகள் வைப்பது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓர் ஊராட்சி, தன் சேமிப்பிலிருந்து 40 லட்சம் ரூபாயை எடுத்து, வங்கியிடம் 1 கோடியே 15 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில், 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை 2006-இல் தனக்கென்று நிறுத்திக்கொண்டது. காற்று அடிப்பது மைவாடியில். தண்ணீர் ஏறுவது ஓடந்துறையில். இரண்டையும் மின்வாரியத்தின் கம்பி இணைத்தது. ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரம் வாரியத்துக்கு விற்கப்பட்டு, அந்த வருமானம் கடனை அடைக்க உதவியது. வெளிநாட்டார்கூட வந்து பார்த்துப் போகும் ஊராயிற்று ஓடந்துறை.

அந்த ஊரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் வியப்பது காற்றாலையைக் கண்டு அன்று; கணக்குப் புத்தகத்தைக் கண்டுதான். எதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, எவ்வளவு பணம் போகிறது என்று ஊர்க் காரியத்தைத் தன் வீட்டுக் காரியமாகப் பாவித்து எழுதிப் பார்த்தவர்களுக்கே காற்றாலை யோசனை தோன்றும். மேலப்பாளையம் இன்று தனி நகராட்சியும் அன்று. 1994 முதல் திருநெல்வேலி மாநகராட்சியின் ஓர் அங்கம். ஆகவே ஓடந்துறை செய்ததை அப்படியே இங்கே செய்துவிட முடியாது. ஆனால் தெருக் கணக்கு எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

கட்டடக் கலையில் இதே வழியில் நடந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். ஆங்கில நாட்டில் பிறந்து கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர், செங்கல்லைக் கிடத்தாமல் நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைத் திருவனந்தபுரத்து வீடுகளில் பரப்பினார். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். நடுவிலே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் அடிப்பாகத்தில் காங்கிரீட்டுக்கு வேலை அதிகமில்லை என்பதால், அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் பொதித்து, சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டடக் கழகம், சத்பிரேம் மைனியின் தலைமையில், மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிமெண்டு சேர்த்து, கை இயந்திரத்தில் அழுத்தி, நனைத்துப் பதப்படுத்திய கட்டிகளைச் செய்து காட்டியது. சூளையே வேண்டாம்; ஆகவே சூளைக்கு விறகும் வேண்டாம். நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகள் எரியும் கோலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதி விளங்கும். ஆரோவில்லின் சூரிய சமையற்கூடத்தில், கூரையின் மேல் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கண்ணாடிக் கிண்ணம் சூரிய கிரணங்களைத் திரட்டி நீராவி உண்டாக்கி, ஆயிரம் பேர் அளவில் சமையலுக்கு உதவுகிறது. நாம் வேண்டாமென்று விரட்டும் வெயில் அங்கே சோறு வேகவைக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எகிப்து தேசத்தில் ஹஸன் ஃபாத்தி என்னும் மேதை, 1940-களில், லக்ஸருக்கு அருகே புதிய கூர்னா என்னும் ஊரை மண்கல்லாலும் வளைவுக் கூரையாலும் அழகுற அமைத்தார். ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கு உலகம் இன்றும் அதை உதாரணம் காட்டுகிறது. ஆனால் அந்த ஊருக்குக் குடிபோக வேண்டியவர்களில் பெரும்பாலோர் போக மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய பிழைப்பும் சுற்றமும் பழைய இடத்திலே இருந்தன. ஜனங்கள் தாங்களே விரும்பி ஏற்காத நன்மை, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பூட்டிய வீடாகவே நின்றுவிடுகிறது. மேலப்பாளையத்துக்கு வேண்டியவற்றை மேலப்பாளையத்துப் பெண்கள் தீர்மானிக்க வேண்டும். பகலெல்லாம் கூரையின் கீழே பீடி சுற்றிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம். அறையின் உஷ்ணம் எந்த மணிக்கு ஏறுகிறது, எந்த மூலையில் இறங்குகிறது என்பதை எந்தக் கருவியும் அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்லாது.

அப்படித் தீர்மானிக்கத் தொடங்கினால் தட்டட்டிதான் முதலில் வரும் என்பது என் அபிப்பிராயம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய தளம் தன்மேல் விழும் சூரிய கிரணத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கீழறையில் பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரி வரை உஷ்ணம் குறையும். தெலங்கானா அரசு 2023-இல் கூரைகளைக் குளிரச் செய்வதையே ஒரு கொள்கையாக அறிவித்திருக்கிறது. இதற்கு வேண்டியது நீற்றின சுண்ணாம்பு, ஒட்டுவதற்குச் சிறிது பசை, மட்டை அல்லது பிரஷ், இரண்டு ஆட்களின் அரைநாள் உழைப்பு. பூசுவதற்கு முன் தளத்தைப் பாசியில்லாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு கைக்கு மேல் மறு கை, முந்தினது காய்ந்த பிறகே. ஓரிரு மழைக்காலத்துக்குப் பிறகு மீண்டும் பூச வேண்டியிருக்கும் என்பது உண்மை. அதனால்தான் தனித்தனியே செய்தால் மறந்துபோகிறது. நோன்புக்கு முன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, தெருவே ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டால் மறக்காது. பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் ஊரில், ஒரு வீட்டின் தளம் குளிர்ந்தால் பக்கத்து அறைக்கும் ஒரு பங்கு குளிர்ச்சி போகத்தான் செய்யும்.

கொஞ்சம் பணம் திரட்டக்கூடிய தெருக்கள், செங்கல் ஜல்லித் தளத்தையும் தட்டோட்டையும் பல வீடுகளுக்கு ஒரே சமயத்தில் போட்டுக்கொள்ளலாம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தொடர்ந்து வேலை, வீட்டுக்காரருக்குச் சல்லிசான கூலி. இன்னும் துணிவுள்ளவர்களுக்குச் சூரிய மின்தகடு இருக்கிறது. 2024-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, ஒரு கிலோவாட் தகட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் வழங்குகிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தங்கள் பொது உபயோகத்துக்கென்று வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி போதும். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் போலக் கிடைக்கும். சங்கமாகப் பதிவு செய்தவர்களுக்கே இந்தக் கடைசிச் சலுகை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜமாத்துகளும் நெசவாளர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் நிறைந்த ஊருக்குச் சங்கம் கூட்டுவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற மேலப்பாளையத்துச் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும், உள்ளே போவதற்கு முன் தட்டட்டிக்கு ஏறி உள்ளங்கையைத் தளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு கீழே இறங்கி, ஏணி வைத்து ஏறி, அதே தளத்தின் அடிப்பாகத்தையும் தொட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து அதையே செய்யச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து தெருவில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும், அவற்றின் தளங்களின் சதுர அடியையும், கடைசி இரண்டு மின்கட்டண ரசீதுகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவிடுங்கள். சித்திரை பிறப்பதற்கு முன், பங்குனியில், சுண்ணாம்பு வாங்கிவிடலாம்.